மாஸ்டர் சொன்ன தேதியும் முழங்கால் சொல்லும் தேதியும்

கேள்வி:

"மேடம், எனக்கு 19 வயசு. ஒட்டன்சத்திரம் பக்கம் ஒரு கிராமம். ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல சீட் வாங்கி காலேஜ் ரெண்டாம் வருஷம் படிக்கிறேன். கபடியில ரைடர். ஒரு மேட்ச்ல ரைடு போய்ட்டுத் திரும்பும்போது இடது முழங்கால்ல 'டப்'னு சத்தம் கேட்டுச்சு. யாரும் என்னைத் தொடவே இல்ல, தானா விழுந்தேன். ஏ.சி.எல். கிழிஞ்சிடுச்சுன்னு சொல்லி ஆபரேஷன் பண்ணி அஞ்சு மாசம் ஆகுது. இப்ப வலி, வீக்கம் எதுவும் இல்ல. இன்னும் ரெண்டு மாசத்துல யுனிவர்சிட்டி போட்டி. 'டேப் சுத்திட்டு இறங்கு, தைரியம்தான் முக்கியம். கரோலினா மரின் எட்டு மாசத்துல வந்து கப் அடிக்கலையா?'ன்னு மாஸ்டர் கேக்குறார். ஆனா கிரவுண்டுக்குப் போனாலே எனக்கு வயித்தைக் கலக்குது. விழுந்த வீடியோவை தினமும் போன்ல பாத்துட்டே இருக்கேன். பயந்தா நம்பிக்கை இல்லைன்னு அர்த்தமா? அம்மா பழனிக்கு வேண்டியிருக்காங்க, இந்த மாசம் என்னைப் படி ஏறச் சொல்றாங்க. ஏறலாமா? நான் பழைய மாதிரி ஆடுவேனா?"

— பெயர் வேண்டாம்

பதில்:

அன்பு மகளுக்கு,

வயசைச் சொல்லிவிட்டாய், அதனால் 'நீ' என்றே எழுதுகிறேன்.

உன் கடிதத்தில் நான் திரும்பப் படித்தது "யாரும் தொடவே இல்ல, தானா விழுந்தேன்" என்ற வரியைத்தான். நாலு பேர் சேர்ந்து அமுக்கி அடிபட்டிருந்தால் ஊரில் பெருமையாகச் சொல்லியிருப்பாய், இல்லையா? என்னிடம் வருகிற பிள்ளைகளில் பாதிக்கு மேல் இந்த இடம் வரும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை. ஏ.சி.எல். என்பது தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் முழங்காலுக்குள் கட்டிப்பிடித்திருக்கும் கயிறு மாதிரியான லிகமென்ட். அது கிழிவதில் பெரும்பாலானவை இப்படித்தான், எதிராளி மேலே படாமலே நடக்கின்றன. ஓடிய வேகத்தில் காலை ஊன்றி உடம்பைத் திருப்புகிறாய். பாதம் கபடிப் பாயைப் பிடித்துக்கொள்கிறது, தொடை திரும்பிவிடுகிறது, நடுவில் முழங்கால் உள்பக்கம் சரிகிறது. சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத அந்தக் கயிறுதான் அத்தனை இழுப்பையும் தாங்கியாக வேண்டும். கண் இமைக்கும் நேரத்துக்குள் முடிந்துவிடும். பெண்களுக்கு இது ஆண்களைவிட அதிகம் நடக்கிறது. இடுப்பு எலும்பின் அமைப்பு, ஹார்மோன் என்று பல காரணம் சொல்வார்கள். அவற்றில் நம் கையில் இருப்பது பயிற்சி ஒன்றுதான். குதித்தால் எப்படி இறங்குவது, ஓடிவந்து எப்படி நிற்பது என்று நம் ஊர்ப் பெண் பிள்ளைகளுக்கு எத்தனை மாஸ்டர்கள் உட்கார்ந்து சொல்லித் தருகிறார்கள்? ரைடுக்கு நூறு வித்தை சொல்லித் தருவார்கள், நிற்பதற்கு ஒன்றும் சொல்லித் தரமாட்டார்கள். இது என் பழைய ஆற்றாமை, போகட்டும்.

இப்போது அந்த முழங்காலுக்குள் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். உங்கள் பக்கம் தக்காளி நாற்று நடுவதைப் பார்த்திருப்பாய். நாற்றங்காலில் செழித்து நின்ற நாற்றைப் பிடுங்கி வயலில் நட்டதும் முதல் சில நாள் தலை தொங்கிப் போகும். வேர் பிடித்த பிறகுதான் நிமிரும். ஆபரேஷனில் உனக்கு வைத்த கிராஃப்ட்டும் அப்படித்தான். பெரும்பாலும் பின்தொடையிலிருந்து ஒரு தசைநாணை எடுத்து, கிழிந்ததின் இடத்தில் வைத்துப் பொருத்துவார்கள். வைத்த சில வாரங்களில் அது பலப்படுவதற்குப் பதிலாகப் பலவீனமாகிறது. பழைய ரத்த ஓட்டம் அறுந்து, அதில் இருந்த செல்கள் பெரும்பாலும் செத்து, புது ரத்தக் குழாய் உள்ளே வந்து, புது செல் குடியேறி, மெல்ல மெல்ல அது ஒரு லிகமென்ட்டாக மாற ஒரு வருடம், சிலருக்கு அதற்கும் மேல் ஆகும். இதில் தொல்லை என்னவென்றால், வலி இதற்கெல்லாம் காத்திருப்பதில்லை. அது மூன்று நான்கு மாதத்திலேயே போய்விடும். வலி இல்லை, வீக்கம் இல்லை என்று நீ எழுதியதைப் படித்தபோது எனக்குச் சந்தோஷத்தைவிடக் கவலைதான் அதிகம் வந்தது. ஆறாம் மாதத்து ஏ.சி.எல்.காரர்களைத்தான் நான் எப்போதும் அதிகம் அதட்ட வேண்டியிருக்கும்.

ஆகவே ஏழாம் மாதப் போட்டிக்கு என் பதில், வேண்டாம்.

மாஸ்டரிடம் காட்ட உனக்கு எண் வேண்டும் அல்லவா? திரும்பி, சட்டென்று திசை மாற்றி, குதித்து ஆடுகிற விளையாட்டுக்காரர்களைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2016-இல் வந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு ஒன்பது மாதம் வரை, களம் திரும்புவதைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் மறுபடி அடிபடும் வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. ஒன்பது மாதத்துக்குப் பின் அந்தக் கணக்கு அவ்வளவாக நகரவில்லை. அதனால்தான் உலகம் முழுவதும் எங்களைப் போன்றவர்கள் 'ஒன்பது மாதத்துக்கு முன் பேச்சே வேண்டாம்' என்கிறோம். இன்னொரு எண்ணும் உண்டு. 25 வயதுக்குள் ஆபரேஷன் செய்துகொண்டு மறுபடி ஆட வந்தவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு இரண்டாம் முறை கிழிந்திருக்கிறது. அதே முழங்கால் மட்டுமல்ல, நன்றாக இருந்த அடுத்த முழங்காலும் இதில் சேரும். உன்னைப் பயமுறுத்த இதை எழுதவில்லை. உன் மாஸ்டரைப் பயமுறுத்தத்தான் எழுதுகிறேன்.

டேப்பைப் பற்றி ஒரு வார்த்தை. தோல்மேல் ஒட்டிய துணி, முழு உடம்பும் திரும்புகிற வேகத்தை நிறுத்தாது. கட்டியிருக்கிறோம் என்ற தைரியத்தைத் தரும், அந்தத் தைரியம்தான் ஆபத்து.

மரின் விஷயத்துக்கு வருவோம். மாஸ்டர் சொன்னதில் பொய் இல்லை, பாதிக் கதைதான் சொல்லியிருக்கிறார். ரியோ ஒலிம்பிக் பேட்மின்டன் இறுதியில் நம் சிந்துவை வென்ற ஸ்பெயின் வீராங்கனை, அதே மரின்தான். 2019 ஜனவரியில் இந்தோனேசியாவில் சாய்னாவுக்கு எதிரான இறுதி ஆட்டத்தில் அவருடைய வலது முழங்கால் போனது. அதே வருடம் செப்டம்பரில் சீன ஓபனை வென்றார். மாஸ்டரின் கதை இங்கே முடிகிறது. 2021-இல், டோக்கியோ ஒலிம்பிக்குக்குச் சில வாரம் முன்பு, இடது முழங்கால் போனது. நடப்பு சாம்பியன் வீட்டிலிருந்து ஒலிம்பிக் பார்த்தார். இந்த முறை ஏறக்குறைய பதினோரு மாதம் கழித்து, 2022 ஏப்ரலில், சொந்த நாட்டில் நடந்த ஐரோப்பிய சாம்பியன்ஷிப்பில் இறங்கித் தங்கம் வென்றார். பிறகு 2024 பாரிஸ் அரையிறுதி. முதல் கேமை 21-14 என்று எடுத்து, இரண்டாவதில் 10-6 என்று முன்னே இருந்தபோது மறுபடி வலது முழங்கால். பட்டை மாட்டிக்கொண்டு ஆடப் பார்த்தார், இரண்டு புள்ளிக்கு மேல் முடியவில்லை. அழுதுகொண்டே வெளியேறினார். அவரோடு ஆடிய சீன வீராங்கனை ஹே பிங்ஜியாவ், வெள்ளி வாங்க மேடை ஏறும்போது கையில் ஸ்பெயின் நாட்டுச் சின்னத்தைப் பிடித்திருந்தார்.

முதல் தடவை சீக்கிரம் வந்ததால்தான் இத்தனையும் நடந்தது என்று நான் சொல்ல மாட்டேன். அப்படி யாராலும் நிரூபிக்க முடியாது. ஆனால் மரினுக்குப் பின்னால் நாள் முழுக்க ஒரு பெரிய பயிற்சிக் குழு இருந்தது. உனக்கு இருப்பது வாரம் ஒருமுறை பஸ் ஏறிப் போய்ப் பார்க்கிற பிசியோ. அவருடைய எட்டு மாதமும் உன் எட்டு மாதமும் ஒன்றல்ல.

சரி, ஒன்பது மாதம் முடிந்த அன்று காலையில் இறங்கிவிடலாமா? அதுவும் இல்லை. காலண்டர் பாதி வேலைதான் செய்யும், மீதியைக் கால் செய்துகாட்ட வேண்டும். என் கிளினிக்கில் தரையில் ஒரு நீள டேப் ஒட்டியிருப்போம். நல்ல காலில் நின்று, அதே காலில் தாண்டி, இறங்கிய இடத்தில் ஆடாமல் நிற்கச் சொல்வேன். 140 சென்டிமீட்டர் தாண்டினால், ஆபரேஷன் செய்த கால் 126-ஆவது தாண்ட வேண்டும், அதாவது பத்தில் ஒன்பது பங்கு. தூரத்தைவிட நான் பார்ப்பது இறங்குகிற முழங்காலைத்தான். அது நேராக மடங்குகிறதா, அடுத்த முழங்காலைப் பார்த்து உள்ளே சாய்கிறதா? போன வருடம் ஒரு ஃபுட்பால் பையன் தூரத்தில் அசத்தினான். வீடியோவை நிறுத்தி நிறுத்திக் காட்டினேன், ஒவ்வொரு முறையும் முழங்கால் உள்ளே போய்த்தான் திரும்பி வந்தது. "அக்கா, நான் கவனிக்கவே இல்லையே" என்றான். கவனித்துத் திருத்த அவனுக்கு மேலும் இரண்டு மாதம் ஆனது. இதோடு முன்தொடையின் பலமும் இரண்டு பக்கமும் கிட்டத்தட்டச் சமமாக வர வேண்டும். ஒரு எச்சரிக்கை, நல்ல காலும் இத்தனை மாதம் சும்மாதான் இருந்திருக்கிறது. அதோடு ஒப்பிட்டு மட்டும் திருப்திப்பட்டுவிடாதே.

வீட்டில் நீயே பார்க்க ஒன்று. நாற்காலியில் உட்கார்ந்து, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, ஒற்றைக் காலால் எழுந்து உட்கார். எண்ணு. இரண்டு காலிலும் இருபதைத் தாண்ட வேண்டும். முழங்கால் மூட்டிலிருந்து பத்து சென்டிமீட்டர் மேலே, டெய்லர் டேப்பால் இரண்டு தொடையையும் அளந்து எழுதி வை. நாற்பது பக்க நோட் ஒன்று போதும். தேதி, எத்தனை முறை, எத்தனை சென்டிமீட்டர், மறுநாள் காலையில் வீக்கம் இருந்ததா. வீங்கினால் முந்தின நாள் அளவு மீறிவிட்டாய் என்று அர்த்தம். முழங்கால் 'விட்டுவிடுவது' போல இருந்தாலோ, மடக்கும்போது மாட்டிக்கொண்டாலோ நோட்டில் எழுதிக்கொண்டிருக்காதே, சர்ஜனிடம் போ. சாப்பாட்டில் முட்டை, பருப்பு, கடலை, எதுவானாலும் சரி, தினமும் இருக்கட்டும். ஹாஸ்டல் சாம்பாரில் தொடை வளராது.

பயந்தால் நம்பிக்கை இல்லை என்று அர்த்தமா என்று கேட்டாய். இல்லை மகளே. ஒருமுறை சுட்ட அடுப்பைக் கை மறுபடி தொடத் தயங்கினால் அதைக் கோழைத்தனம் என்றா சொல்வோம்? ஏ.சி.எல். ஆபரேஷனுக்குப் பின் என்ன ஆகிறார்கள் என்று உலகம் முழுக்க வந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், நூற்றில் 81 பேர் ஏதோ ஒரு விளையாட்டுக்குத் திரும்பினார்கள், 65 பேர் அடிபடுமுன் இருந்த நிலைக்குத் திரும்பினார்கள், போட்டிகளில் ஆடும் நிலைக்குத் திரும்பியவர்கள் 55 பேர். பழைய மாதிரி ஆடுவேனா என்று கேட்டாயே, அதற்கு என்னிடம் உள்ள நேர்மையான பதில் இந்த எண்கள்தான். திரும்பாதவர்களில் பலருக்குக் கால் தயாராகத்தான் இருந்தது, மறுபடி அடிபடுமோ என்ற நினைப்புதான் தடுத்தது. ஆகவே பயத்துக்கும் தொடைக்கு மாதிரியே பயிற்சி வேண்டும். 'தைரியமா இரு' என்று சொன்னால் அது போகாது.

முதலில் அந்த வீடியோவை அழி. தினமும் அதைப் பார்த்து, விழுவதை மனதுக்குப் பழக்கிக்கொண்டிருக்கிறாய். நீ நன்றாக ஆடிய ரைடு ஏதாவது யாரிடமாவது இருக்கும், வாங்கி அதைப் பார். பிறகு, பிசியோ சரி சொன்ன கட்டத்திலிருந்து, படிப்படியாக. ஆளில்லாத கபடிப் பாயில் தனியாகப் போய் கபடி கபடி என்று பாடிக்கொண்டு நடந்து வா, அவ்வளவுதான். அது சலித்துப்போன பிறகு மெதுவாக ஓடித் திரும்பு. அடுத்து எதிரே ஒரே ஒரு தோழி, பிடிக்காமல் நிற்பாள். அடுத்து அவள் சொல்லிவிட்டுப் பிடிப்பாள், அதுவும் வலது காலை. இடது கணுக்காலைச் சொல்லாமல் கொள்ளாமல் யாரும் பிடிப்பது எல்லாவற்றுக்கும் கடைசி. ஒவ்வொரு படியிலும் பயத்துக்குப் பத்துக்கு எத்தனை என்று மதிப்பெண் போட்டு அதே நோட்டில் எழுது. எட்டு என்றால் அங்கேயே நில், மூன்று ஆனால் அடுத்த படி. மாஸ்டர் உனக்கு உதவ நினைத்தால் இங்கேதான் உதவ வேண்டும், பக்கத்தில் நின்று.

அவரை வில்லனாக்காதே. நல்ல ரைடரை இழந்த அணியோடு அவரும் திண்டாடுகிறார். சர்ஜனிடம் ஒரு கடிதம் வாங்கி, ஒன்பது மாதத்துக்கு முன் ஆட்டம் கூடாது என்று எழுதச் சொல்லி, கல்லூரி உடற்கல்வி இயக்குநரிடம் கொடுத்து நகல் வைத்துக்கொள். கோட்டா சீட்டுக்குக் கேள்வி வந்தால் அந்தக் காகிதம் பேசும். மாஸ்டரிடம், "சார், இந்த வருஷம் ரைடர்களுக்கு டைம் பார்க்க, ஸ்கோர் எழுத நான் வர்றேன். அடுத்த வருஷம் ஆட வர்றேன்" என்று சொல். பெஞ்சில் உட்கார்ந்து எதிரணி டிஃபென்ஸைப் படித்த ரைடர் வேறு மாதிரி திரும்பி வருவதை நான் பார்த்திருக்கிறேன்.

இனி நம்பிக்கை. நான் சாமி கும்பிடுகிறவள், மேசையில் விபூதி டப்பா இருக்கும். ஆனாலும் நம்பிக்கையை ஒரு தேதியில் கொண்டுபோய்க் கட்டினால் எனக்கு ஆகாது. 'போட்டிக்குள் சரியாகிவிடும்' என்று நம்பினால், சரியாகாத அன்று சாமியும் போய்விடும், பயிற்சியும் போய்விடும். அதே நம்பிக்கையை, ஒருவரும் பார்க்காத காலை ஐந்தரை மணி நாற்காலிப் பயிற்சியில் போடு என்கிறேன்.

சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு படம் உங்கள் கல்லூரியிலும் எங்காவது ஒட்டியிருக்கும். ஐந்து வயதில் பள்ளிக்கு நடந்து போகும்போது பஸ் ஏறி வலது கால் நசுங்கியது. காய்கறி விற்று வளர்த்தார் அம்மா. 2016 ரியோ பாராலிம்பிக் உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டர், தங்கம். எல்லோரும் அந்தத் தங்கத்தைச் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது அதற்குப் பிறகு நடந்தவை. டோக்கியோ தொடக்க விழாவில் தேசியக் கொடியை ஏந்திப் போக வேண்டியவர் அவர்தான். விமானத்தில் அருகே வந்தவருக்குக் கொரோனா என்று தெரிந்து அவரைத் தனிமைப்படுத்திவிட்டார்கள், கொடியை வேறொருவர் ஏந்தினார். இறுதிப் போட்டி அன்று மழை, கால் உறை நனைந்து தாண்டவே சிரமமாகிப்போனது. 1.86, வெள்ளி. பாரிஸில் 1.85, வெண்கலம். பஸ் ஏறிய நாளுக்கும் ரியோவுக்கும் நடுவில் ஏறக்குறைய 16 வருடம். அவரிடம் எந்த வருடமாவது யாராவது ஒரு தேதி கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன்.

கடைசியாகப் பழனி. அம்மாவிடம் மறுக்காதே, போய் வாருங்கள். உன் பிசியோ ஒருமுறை பார்த்துச் சரி சொல்லட்டும். கிட்டத்தட்ட எழுநூறு படி. ஐந்து மாதத்தில் வீக்கமில்லாத முழங்கால் நின்று நின்று ஏறினால் தாங்கும். வெயிலுக்கு முன் கிளம்பு, கைப்பிடிப் பக்கமாகவே ஏறு, மண்டபம் வந்தால் உட்கார். முழங்காலுக்குச் சோதனை ஏறுவதில் இல்லை, இறங்குவதில்தான். முன்தொடை களைத்துப்போன பிறகு ஒவ்வொரு படியிலும் மொத்த எடையும் அந்தக் காலில் விழும். அதனால் ஏறுவது படியில், இறங்குவது விஞ்ச்சில். விஞ்ச்சில் கூட்டம் அதிகமென்றால் யானைப்பாதையில் மெதுவாக வா. படி ஏறுவதாகத்தானே வேண்டுதல், இறங்குவதைப் பற்றி அம்மா முருகனிடம் ஒன்றும் பேசியிருக்க மாட்டார்.

மறுநாள் காலையில் எழுந்ததும் இரண்டு முழங்காலையும் அளந்து நோட்டில் எழுது. ஒன்பதாம் மாதம் அந்த நோட்டின் படங்களை எனக்கு அனுப்பு. அடுத்து எப்போது, எப்படி என்பதை அதைப் பார்த்துப் பேசலாம்.